மார்பில் மினர்வா, முதுகில் ஜெர்மனி

டிரெஸ்டனில் எல்பே ஆற்றங்கரையில் சனிக்கிழமை கூடும் பழைய சாமான் சந்தையில் ஒரு பொம்மைத் தலை வாங்கியிருக்கிறீர்கள். தலை, கழுத்து, தோள் வரைதான் இருக்கிறது, உடம்பு இல்லை. விரலால் தட்டினால் தகரச் சத்தம் கேட்கிறது. மார்பில் ‘மினர்வா’ என்று புடைப்பெழுத்து, ஒரு தலைக்கவசப் படம். முதுகுப் பக்கம் ‘ஜெர்மனி’ என்றும் ஒரு எண்ணும். மூக்கு நுனியிலும் நெற்றியிலும் பெயின்ட் உரிந்து உலோகம் தெரிகிறது. இதைச் செய்தது யார், எவ்வளவு பழையது, பெயின்ட் அடித்துப் புதுசாக்கலாமா என்று மூன்று கேள்வி கேட்டிருந்தீர்கள். பழைய பொம்மைகளைச் சேர்ப்பதும் பழுது பார்ப்பதும் எனக்கு ரொம்ப வருடப் பழக்கம். அதிலும் இந்தத் தகரத் தலைகள் மீது தனிப் பிரியம் உண்டு. அதனால் பதில் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

செய்தது புஷோ - பெக் என்ற ஜெர்மன் நிறுவனம். 1880-களின் இறுதியில் தொடங்கியது. சிலேசியாவின் ரைகன்பாக், சாக்சனியின் நோசன் என்று இரண்டு ஊர்களின் பெயரும் அந்த நிறுவனத்தோடு சேர்ந்து வரும். ‘மினர்வா’ அவர்களுடைய வணிகப் பெயர், தலைக்கவசம் அவர்களுடைய முத்திரை. நீங்கள் இருக்கும் டிரெஸ்டனிலிருந்து நோசன் சுமார் 35 கிலோமீட்டர்தான். முல்டே ஆற்றின் மேலே ஒரு பழைய கோட்டை நிற்கும் சின்ன ஊர். அதே ஆற்றில் கொஞ்சம் மேலே போனால் ஃப்ரைபெர்க். அங்கே பல நூறு வருடம் வெள்ளிச் சுரங்கம் நடந்தது. அதற்கும் தெற்கே ‘கனிம மலை’ என்றே பெயர் பெற்ற எர்ட்ஸ்கெபிர்கே மலைத்தொடர். உலோகத்தைத் தோண்டி, உருக்கி, தட்டி வாழ்ந்த மாவட்டம் அது. பொம்மைக்கு உலோகத்தில் தலை செய்யும் யோசனை அந்தப் பக்கத்தில் வேர் பிடித்ததில் ஆச்சரியமில்லை.

வயதை அந்த எழுத்துகளே ஓரளவு சொல்லிவிடும். முதுகில் ‘ஜெர்மனி’ என்று இருப்பது பெருமைக்காகப் போட்டது கிடையாது, வாங்கும் நாடுகளின் சட்டத்துக்காகப் போட்டது. பிரிட்டன் 1887-இல் ஒரு சட்டம் கொண்டுவந்து, வெளிநாட்டுச் சரக்கை உள்நாட்டுச் சரக்குபோலக் காட்டி விற்பதைத் தடுத்தது. அமெரிக்காவில் 1890-இல் வந்த மெக்கின்லி சுங்கச் சட்டம், 1891 மார்ச் முதல் இறக்குமதிப் பொருள்களில் எந்த நாட்டில் செய்தது என்று ஆங்கிலத்தில் எழுதியே ஆக வேண்டும் என்றது. உங்கள் தலையில் ஜெர்மன் மொழியில் ‘டாய்ச்லாண்ட்’ என்று இல்லாமல் ‘ஜெர்மனி’ என்று இருப்பதற்குக் காரணம் இதுதான். அது ஆங்கிலம் பேசும் நாட்டில் விற்பதற்காகச் செய்த தலை. அப்புறம் எப்படி டிரெஸ்டன் சந்தைக்கு வந்தது? ஏற்றுமதிக்காக அச்சு வெட்டிவிட்டால், அதே அச்சில் உள்ளூருக்கும் அடிப்பார்கள். போய்த் திரும்பி வந்ததாகவும் இருக்கலாம். பழைய பொருள்கள் விற்பவர் கைமாறிக் கைமாறிக் கடல் தாண்டுவது சாதாரணம்.

‘மினர்வா’ என்ற சொல்லும் ஒரு தேதியைச் சொல்கிறது. ஜெர்மனியில் 1874-இல் வந்த வணிக முத்திரைச் சட்டம் படமாக உள்ள சின்னங்களைத்தான் பதிவு செய்ய விட்டது, வெறும் சொல்லைப் பதிவு செய்ய முடியாது. 1894-இல் வந்த புதுச் சட்டம் சொற்களுக்கும் வழி திறந்தது. புஷோ - பெக் ‘மினர்வா’வைப் பதிவு செய்தது அதே 1894-இல்தான். அமெரிக்காவில் அதை 1901-இல் பதிவு செய்தது, நியூயார்க்கில் அவர்களுடைய சரக்கை இறக்கி விற்ற ஃபிஷர் என்ற நிறுவனம். ஆகவே பெயரோடு உள்ள உங்கள் தலை 1894-க்கு முன்னால் போகாது. பின்னால் எதுவரை என்றால் 1920-கள் வரைக்கும் வைத்துக்கொள்ளலாம். பெரும்பாலும் 1900-க்கும் முதல் உலகப் போருக்கும் நடுவில் விற்றவைதான் இன்று கண்ணில் படுகின்றன. முதுகில் உள்ள எண்ணை வருடம் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். அது அளவு எண். எண் கூடக் கூடத் தலை பெரிதாகும்.

சரி, பொம்மைக்குப் போய் ஏன் தகரத்தில் தலை? அந்தக் காலப் பொம்மை எப்படி இருந்தது என்று தெரிந்தால்தான் இது புரியும்.

19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் நல்ல பொம்மை என்றால் பீங்கான் தலை. முதலில் பளபளக்கும் மெருகுப் பீங்கான், பிறகு மெருகு பூசாமல் மேனி நிறம் ஏற்றிய பிஸ்க் பீங்கான். உலகத்துக்கே பொம்மை செய்து தந்தது ஜெர்மனியின் துரிங்கியா மாநிலம். சோன்னபெர்க், வால்டர்ஸ்ஹவுசன், கோப்பல்ஸ்டார்ஃப் போன்ற ஊர்களில் ஊரே பொம்மை வேலைதான். அமெரிக்க வியாபாரி வுல்வொர்த் 1890-இல் சரக்குத் தேடி ஐரோப்பா போனபோது சோன்னபெர்க்குக்கு வந்து பொம்மை வாங்கினார். தொழிற்சாலையில் சூளையிலிருந்து தலை வரும். உடம்பு, கை, கால், முடி, உடுப்பு எல்லாம் சுற்றியுள்ள வீடுகளில் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து செய்வார்கள். குழந்தைகளும் கூடவே வேலை செய்வார்கள். மிகக் குறைந்த கூலி. உலகத்துப் பிள்ளைகள் விளையாடிய பொம்மைக்காக அங்கே ஒரு தலைமுறைப் பிள்ளைகள் விளையாடாமல் வளர்ந்தார்கள் என்பதை நினைக்காமல் என்னால் எந்தப் பழைய பொம்மையையும் கையில் எடுக்க முடியவில்லை.

அந்தப் பிஸ்க் முகங்கள் உண்மையிலேயே அழகு. கன்னத்தில் ஒளி உள்ளே இறங்கித் திரும்புகிற மாதிரி இருக்கும். ஆனால் குழந்தை கையிலிருந்து நழுவினால் ஒரே நொடியில் கதை முடிந்தது. உடம்பு தோலாலோ துணியாலோ செய்து மரத்தூள் அடைத்தது, அதற்கு ஒன்றும் ஆகாது. சட்டை நன்றாக இருக்கும், கால் நன்றாக இருக்கும், தலை மட்டும் சில்லுச் சில்லாகக் கிடக்கும். குழந்தை அழும். அப்பா திட்டுவார். அம்மா உடம்பை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டு, அடுத்து ஊருக்குப் போகும்போது வேறு தலை கிடைக்குமா என்று யோசிப்பாள்.

தகரத் தலை அந்த அம்மாவுக்காகவே செய்யப்பட்டது. உங்கள் கையில் உள்ளது தலையும் தோளும் மட்டும்தான். உடம்பு தொலைந்துபோய்விட்டது என்று வருத்தப்பட்டு எழுதியிருந்தீர்கள். தொலையாமலும் இருந்திருக்கலாம். இந்தத் தலைகளை முழுப் பொம்மையாகவும் விற்றார்கள், தனித் தலையாகவும் விற்றார்கள். தோள்தகட்டின் ஓரத்தில் முன்னும் பின்னும் சின்னத் துளைகள் இருக்கும், பாருங்கள். அதில் நூல் கோத்து, உடைந்த பொம்மையின் பழைய உடம்போடு வைத்துத் தைத்துவிட வேண்டியதுதான். பழைய உடம்பும் இல்லையென்றால் வீட்டிலேயே துணி வெட்டி, மரத்தூளோ பஞ்சோ அடைத்துச் செய்துகொள்வார்கள். அமெரிக்காவில் சியர்ஸ் ரோபக் நிறுவனம் வீடுவீடாக அனுப்பிய தடித்த விலைப்பட்டியலில் மினர்வா தலைகளும் இருந்தன. தொலைதூரப் பண்ணை வீட்டில் இருப்பவர்கள் பட்டியலைப் பார்த்துக் கடிதம் போட்டால் தபாலில் வரும். ரயிலிலும் வண்டியிலும் பல நூறு மைல் குலுங்கி வரும் பொட்டலத்தில் பீங்கான் எந்த நிலையில் வந்து சேரும் என்பது அனுப்புகிறவருக்கே நிச்சயமில்லை. தகரத்துக்கு அந்தக் கவலை கிடையாது.

நியூயார்க் ஃபிஷர் நிறுவனம் தன் விளம்பரங்களில் அடுக்கிய குணங்கள் இவைதான்: தகட்டின் உறுதி, பிஸ்க்கின் அழகு, கனமில்லாத எடை, கழுவலாம், சில்லு தெறிக்காது. இதில் எது மெய்யானது, எது பொய்த்தது என்பதை உங்கள் தலையே காட்டுகிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

செய்முறையைச் சொல்கிறேன், ஏனென்றால் தலையைக் கையில் வைத்துக்கொண்டு இதைப் படித்தால் ஒவ்வொன்றும் உங்களுக்கே தெரியும். மெல்லிய உலோகத் தகட்டை வெட்டி, எஃகு அச்சில் வைத்து அழுத்துவார்கள். கீழே குழிந்த அச்சு, மேலே அதற்குள் இறங்குகிற புடைத்த அச்சு. நடுவில் மாட்டிய தகடு முகமாகிவிடும். முன்பாதி ஒரு அழுத்தல், பின்பாதி இன்னொரு அழுத்தல். பிறகு ஓரங்களைச் சேர்த்துப் பற்றவைப்பார்கள். தலையைப் பக்கவாட்டில் திருப்பி வெளிச்சத்தில் சாய்த்துப் பிடியுங்கள். உச்சியிலிருந்து காதை ஒட்டி இறங்கிக் கழுத்து வழியாகத் தோள் வரை மயிரிழை போல ஒரு கோடு தெரிகிறதா? அதுதான் பற்று. பூச்சுக்கு அடியில் மறைந்திருக்கும், நகத்தால் தடவினால் தட்டுப்படும். பிறகு தலையைக் கவிழ்த்து உள்ளே பாருங்கள். உள்பக்கம் பூச்சே இல்லாமல் வெறும் உலோகம், ஒரு முகத்தின் மறுபக்கம். மூக்கு ஒரு குழியாகவும் கண் இரண்டு மேடாகவும் தெரியும். முதன்முதலில் அப்படி ஒரு தலைக்குள் எட்டிப் பார்த்தபோது எனக்கு ஏனோ உடம்பு சிலிர்த்தது. வெளியே எத்தனை பூச்சு பூசினாலும் செய்தவனின் வேலை உள்ளே அப்படியே இருக்கிறது.

அச்சு அழுத்தலுக்கு ஒரு கட்டாயம் உண்டு. அழுத்திய தகடு அச்சிலிருந்து நேராக வெளியே வர வேண்டும். ஆகவே உள்பக்கமாக மடங்கும் வளைவு எதுவும் கூடாது. காதுக்குப் பின்னால் குழிவு வைக்க முடியாது, சுருள்முடியைத் தனியாக எழுப்ப முடியாது. மூக்கை அதிகம் நீட்டினால் மெல்லிய தகடு அந்த இடத்தில் கிழியும். அதனால் இந்தத் தலைகளில் முடி நெற்றியோடு ஒட்டிய அலைகளாகவும், காது கன்னத்தோடு ஒட்டியும், முகம் வட்டமாகவும் இருக்கும். ‘முகம் கொஞ்சம் தட்டையாக, பொதுவாக இருக்கிறது’ என்று எழுதியிருந்தீர்கள். சிற்பிக்குத் திறமை குறைந்ததாக நினைக்க வேண்டாம். தகடு அவ்வளவுதான் வளைந்துகொடுக்கும். மீதி வேலையைத் தூரிகை செய்தது: புருவம், இமைக்கு மேல் ஒரு மெல்லிய சிவப்புக் கோடு, நாசித் துவாரத்துக்கு இரண்டு சிவப்புப் புள்ளி, கன்னச் சிவப்பு. விலை கூடிய வகைகளில் கண்ணுக்குத் துளை வெட்டிக் கண்ணாடி விழி பொருத்தியிருப்பார்கள், வாயைத் திறந்து பல் வைத்திருப்பார்கள், உச்சியில் முடி ஒட்டியிருப்பார்கள். கண்ணாடி விழி இருந்தால் பழசு, வரைந்த கண் இருந்தால் புதுசு என்று சந்தையில் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இரண்டையும் ஒரே காலத்தில் விற்றார்கள், வித்தியாசம் விலையில்தான்.

உங்கள் தலை எந்த உலோகம் என்று தெரிய ஒரு சின்னக் காந்தம் போதும். ஒட்டினால் இரும்புத் தகடு, அதாவது வெள்ளீயம் பூசிய தகரம். ஒட்டாவிட்டால், பெயின்ட் உரிந்த இடத்தைப் பாருங்கள். மஞ்சள் அடித்தால் பித்தளை, சாம்பல் அடித்தால் பெரும்பாலும் துத்தநாகம். காந்தத்தை முகத்தில் வைக்காதீர்கள், பூச்சைக் கீறும். தோளின் உள்பக்கத்தில் வையுங்கள்.

இனி அந்தப் பெயரைப் பற்றி. மினர்வா ரோமானியர்களின் அறிவுத் தெய்வம், கைத்தொழில்களுக்கும் அவளே காவல். கிரேக்கர்களின் அதீனாவோடு ஒன்றாகப் பாவிக்கப்பட்டவள். தலையில் போர்க்கவசம் அணிந்தே நிற்பாள். உலோகத்தில் தலை செய்கிறவர்கள் தலையில் உலோகம் அணிந்த தெய்வத்தைத் தேர்ந்தெடுத்தது எவ்வளவு பொருத்தம் பாருங்கள். இவர்களைப் பார்த்துப் போட்டியாளர்களும் அதே வரிசையில் பெயர் பிடித்தார்கள். டிரெஸ்டனுக்குப் பக்கத்தில் டாய்பன் ஊரில் கார்ல் ஸ்டாண்ட்ஃபூஸ் செய்த தகரத் தலைகளுக்கு ‘ஜூனோ’ என்று பெயர். துரிங்கியாவின் மைனிங்கனில் ஆல்ஃபிரட் ஹெல்லர் செய்தவை ‘டயானா’. தேவர்களின் அரசி ஒருத்தி, வேட்டைத் தெய்வம் ஒருத்தி. டாய்பன் 1921-இல் பக்கத்து ஊர்களோடு சேர்ந்து ஃப்ரைட்டால் என்ற நகரமாகிவிட்டது. டிரெஸ்டனிலிருந்து உள்ளூர் ரயிலில் போகிற தூரம்தான். அதே சந்தைக்கு மறுபடி போனால் ஜூனோவும் கண்ணில் பட வாய்ப்பு உண்டு, தோளைத் திருப்பிப் பாருங்கள். மூன்றில் அதிகம் விற்றதும், இன்று எளிதாகக் கிடைப்பதும் மினர்வாதான்.

அந்தத் தோள்தகட்டில் வேறு எழுத்துகள் இருந்தாலும் கவனியுங்கள். ‘டி.ஆர்.ஜி.எம்.’ என்று இருந்தால் 1891-க்குப் பிற்பட்டது. அது ஜெர்மன் அரசில் சின்னக் கண்டுபிடிப்புகளைப் பதிவு செய்ததற்கான அடையாளம், அந்தப் பதிவு முறையே அந்த ஆண்டில்தான் வந்தது.

இப்போது பூச்சுக்கு வருவோம். உங்கள் மூன்றாவது கேள்விக்கான பதில் இங்கேதான் இருக்கிறது.

பீங்கானில் நிறம் சூளையில் சுட்டு ஏறுகிறது. நிறமும் உடலும் ஒன்றாகிவிடும், நூறு வருடம் கழித்தும் கன்னம் சிவப்பாகவே இருக்கும். தகடு அப்படி இல்லை. தகட்டின் மேல் எனாமல் பெயின்ட் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். வெயிலில் தகடு விரியும், குளிரில் சுருங்கும். அதன் மேலிருக்கும் பூச்சு காலப்போக்கில் இறுகி, அதே அளவுக்கு நீளவும் சுருங்கவும் முடியாமல் போகும். குழந்தை பொம்மையைக் கீழே போட்டால் தகடு லேசாக நசுங்கி எழும். பூச்சு நசுங்க மாட்டாது, விட்டுவிடும். முதலில் போவது எப்போதும் மூக்கு நுனி, நெற்றி, கன்ன மேடு, முடியின் உச்சி. எவையெல்லாம் தரையில் முதலில் படுமோ அவை. இரும்புத் தகடாக இருந்தால் திறந்த இடத்தில் துரு பிடிக்கும். துரு பக்கத்துப் பூச்சின் அடியில் நுழைந்து அதையும் தூக்கும். ஆக, உடையாத தலை என்று அவர்கள் சொன்னது மெய்தான். உங்கள் தலை 100 வருடம் தாண்டி முழுசாக வந்திருக்கிறதே. சில்லு தெறிக்காது என்று சொன்னது மட்டும் நிற்கவில்லை. பீங்கானில் இருந்த பலவீனம் மேல்பூச்சுக்கு மாறியது.

இதனால்தான் சேகரிப்பவர்கள் நடுவில் தகரத் தலைக்கு ரொம்ப நாள் மதிப்பில்லாமல் இருந்தது. பிஸ்க் தலைகள் கண்ணாடி அலமாரியில், தகரத் தலைகள் கூடையில். இன்றும் பூச்சு உரிந்த மினர்வாவின் விலை, அதே காலத்து நல்ல பிஸ்க் தலையின் விலைக்குப் பக்கத்தில்கூட வராது. எனக்கு இது ஒருபோதும் சரியாகப் பட்டதில்லை. அலமாரியில் பளபளவென்று நிற்கும் பிஸ்க் பொம்மைகளில் பல, உடைந்துவிடுமோ என்று குழந்தைக்குத் தராமல் மேலே வைத்துக் காத்தவை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் கீழே இறக்கி, பெரியவர்கள் முன்னால் கொஞ்ச நேரம் மடியில் வைத்திருக்க விட்டவை. உங்கள் தகரத் தலை நிஜமாகவே தூக்கிக்கொண்டு அலைந்த பொம்மை. தரையில் விழுந்தது, மாவுக் கையால் முத்தம் வாங்கியது, மூக்கு தேய்ந்தது. அந்தத் தேய்மானம் ஏதோ ஒரு குழந்தையின் கைவேலை.

ஆகவே பெயின்ட் அடிக்காதீர்கள். கேட்டுக்கொள்கிறேன். மூக்கு நுனியை மட்டும் தொட்டு அடைக்கலாமே என்று தோன்றும். பழைய பூச்சின் நிறம் நூறு வருட வெளிச்சத்தில் மஞ்சளாகிப் போனது, புதுப் பெயின்ட் பக்கத்தில் ஒட்டுப் போட்டதுபோல நிற்கும். அதை மறைக்கக் கன்னத்தைத் தொடுவீர்கள், கன்னத்துக்காக நெற்றியைத் தொடுவீர்கள். கடைசியில் முகம் முழுக்க உங்களுடையதாகிவிடும், தொழிற்சாலையில் உட்கார்ந்து ஒவ்வொரு புருவமாக வரைந்தவரின் கை மொத்தமும் அடியில் போய்விடும். அப்படி முழுசாகப் பூசிய மினர்வாக்களைச் சந்தையில் நிறைய பார்க்கிறேன். முகத்தில் உயிர் இருக்காது. வாங்குகிறவரும் உடனே கண்டுபிடித்து விலையைக் குறைப்பார்.

நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். வெகுகாலம் முன்பு எனக்குக் கிடைத்த ஒரு தலை அழுக்காக இருந்தது. ‘கழுவலாம்’ என்ற பழைய விளம்பரத்தை நம்பி, வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் முக்கினேன். அழுக்கு அழகாகப் போனது. ஆனால் காதுப் பக்கம் பற்று விட்டிருந்த இடத்தில் தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. சில வாரம் கழித்து அந்தக் கோடு நெடுகப் பூச்சு பொருக்குப் பொருக்காக எழும்பியது. தொட்டால் உதிர்ந்தது. ஒரு பக்கக் கன்னமே போய்விட்டது. அந்தத் தலை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் மனசு கஷ்டப்படும். புதிதாகச் செய்தபோது கழுவ முடிந்திருக்கும். இப்போது முடியாது.

நீங்கள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். மென்மையான, காய்ந்த தூரிகையால் தூசியைத் தட்டுங்கள். பூச்சு எழும்பியிருக்கும் இடத்தைத் தொடாமல் சுற்றிப் போங்கள். எண்ணெய், எலுமிச்சை, புளி எதுவும் வேண்டாம். குத்துவிளக்கு துலக்கும் பழக்கத்தில் உரிந்த இடத்தில் தெரியும் உலோகத்தைப் பளபளக்க வைக்கத் தோன்றும், கையைக் கட்டுப்படுத்துங்கள். ஜெர்மன் குளிர்காலத்தில் ஹீட்டர் ரேடியேட்டரின் மேல் உள்ள பலகையில் வைக்காதீர்கள். தினம் சூடும் குளிரும் மாறி மாறிப் பட்டால் மீதிப் பூச்சும் போகும். வெயில் படாத, ஈரமில்லாத அலமாரி போதும். இன்னொன்று, வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் விளையாடக் கொடுக்காதீர்கள். அந்தக் காலப் பெயின்டுகளில் ஈயம் சாதாரணமாகக் கலந்திருக்கும், பற்றுக்கும் ஈயம்தான். உரிந்த பொருக்கு வாய்க்குப் போகக் கூடாது. நீங்களும் கையாண்ட பிறகு கை கழுவுங்கள்.

நிறுவனத்தின் மீதிக் கதை. தகரத்தோடு அவர்கள் நிற்கவில்லை. 1870-களிலிருந்து செல்லுலாய்டு என்ற புதுப் பொருள் பரவிவந்தது. மான்ஹைம் பக்கத்தில் ஆமை முத்திரை போட்ட ‘ஷில்ட்க்ரோட்’ தொழிற்சாலை 1890-களில் செல்லுலாய்டு பொம்மை செய்யத் தொடங்கி பெரிதாக வளர்ந்தது. உடையாது, பூச்சும் உரியாது, நிறம் பொருளோடு கலந்தே இருக்கும். தகரத் தலையின் குறை அப்படியே அங்கே தீர்ந்தது. புஷோ - பெக்கும் செல்லுலாய்டில் தலையும் பொம்மையும் செய்தார்கள், அதே தலைக்கவச முத்திரையோடு. ஆகவே தலைக்கவசம் பார்த்த உடனே தகரம் என்று முடிவு கட்டக் கூடாது. செல்லுலாய்டா என்று பார்க்க நமக்கு ஒரு வசதி இருக்கிறது. அது நைட்ரோசெல்லுலோஸும் கற்பூரமும் சேர்த்துச் செய்வது. கட்டை விரலால் ஒரு ஓரத்தைச் சூடேறத் தேய்த்து முகர்ந்தால் கற்பூர வாசனை வரும். கற்பூரத்தைத் தெரிந்த மூக்கு தவறாது. ஊசியைச் சூடாக்கிக் குத்திப் பார்க்கச் சிலர் சொல்வார்கள், ஒருபோதும் செய்யாதீர்கள். செல்லுலாய்டு பற்றினால் குபீரென்று எரிந்துவிடும்.

1914-இல் போர் வந்தது. பிரிட்டிஷ் கடற்படை வழியை அடைத்ததும் ஜெர்மன் பொம்மைகளுக்குக் கடல் தாண்டிய சந்தை போய்விட்டது. உள்ளே உலோகத்துக்கு அப்படி ஒரு பஞ்சம். தேவாலய மணிகளையும் வீட்டுப் பித்தளைச் சாமான்களையும் குண்டு செய்ய அரசு எடுத்துக்கொண்டது. பொம்மைத் தலைக்கு எங்கே தகடு மிஞ்சும்? அதற்குள் அமெரிக்கர்கள் மரத்தூளையும் பசையையும் பிசைந்து அச்சில் வார்த்த தலைகளைத் தாங்களே செய்யப் பழகிவிட்டார்கள். போர் முடியும் சமயத்தில் நியூயார்க்கில் கீபெலர் - ஃபால்க் என்ற நிறுவனம் அலுமினியத்தில்கூடப் பொம்மைத் தலை செய்து பார்த்தது. ஜெர்மனியிலும் ரசனை மாறியது. 1910-இல் பெர்லின் கடை ஒன்றில் நடந்த கண்காட்சியில் வைத்த கேத்தே க்ரூஸேயின் துணிப் பொம்மைகள் பேர் வாங்கின. அவற்றைக் கட்டிப் பிடித்துத் தூங்கலாம், குளிர்ந்த தகரக் கன்னத்தோடு அப்படித் தூங்க முடியாது. போருக்குப் பிறகு மினர்வா மறுபடி விற்றது, 1920-களிலும் நடந்தது, ஆனால் பழைய வேகம் திரும்பவில்லை. தகரத் தலை மெல்ல மெல்லப் பட்டியல்களிலிருந்து மறைந்தது.

கடைசியாக ஒரு வேலை சொல்கிறேன். தோள்தகட்டுத் துளைகளை ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். நீங்கள் அனுப்பிய படத்தில் இடது பக்கத் துளையில் ஏதோ மங்கலாகத் தெரிகிறது. துரு இல்லையென்றால், அது பழைய தையல் நூலின் மிச்சமாக இருக்கலாம். வெள்ளையோ பழுப்போ, எதுவானாலும் பிடுங்கி எடுக்காதீர்கள். கிட்டப் பிடித்து ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். ஆலையில் தைத்ததா, வீட்டில் யாரோ தைத்ததா என்று நூலின் முடிச்சைப் பார்த்துச் சில சமயம் சொல்லிவிடலாம்.